கயாக்கில் ஓர் இரவு: ஆற்றங்கரையிலிருந்து மண்டபம் வரை

நார்வேயில் வேலை பார்க்கும் அத்தை மகன் போன வருஷம் ஊருக்கு வந்தபோது செல்போனில் படங்களைக் காட்டிக்கொண்டே இருந்தான். இரண்டு பக்கமும் செங்குத்தான மலை, நடுவில் அசையாத கடல், அதில் ஒரு சிவப்புக் கயாக் (துடுப்பு போட்டு ஓட்டும் ஒல்லியான சின்னப் படகு), கரையில் ஒரு கூடாரம். ஃபியோர்டு என்று பெயர். பனிப்பாறை குடைந்த பள்ளத்தாக்குக்குள் கடல் புகுந்து நிற்கும் இடம். "யாரையும் கேக்க வேண்டாம். நாமளே துடுப்புப் போட்டுப் போயி, ராத்திரி கரையில தங்கிட்டு மறுநாள் வந்துறலாம். நம்ம ஊர்லயும்தான் கடல் இருக்கு, ஏன் யாரும் போறதில்ல?" என்று கேட்டான்.

போகலாம். நான் நாலைந்து தடவை போயிருக்கிறேன். ஆனால் அங்கே உள்ள பழக்கத்தை அப்படியே இராமநாதபுரம் கரைக்குக் கொண்டுவந்தால் முதல் நாள் மதியத்துக்குள் ஏதாவது வம்பில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே சோங்னே ஃபியோர்டின் ஆழம் 1,300 மீட்டருக்கு மேல். இங்கே கரையிலிருந்து வெகுதூரம் போன பிறகும் இறங்கி நிற்கக்கூடிய இடங்கள் உண்டு. அங்கே காற்றை மலை மறைக்கும். இங்கே உள்ளதில் உயரமானது பனைமரம். அங்கே வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி, விளைச்சல் இல்லாத நிலத்தில் யார் வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்று 1957லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். இங்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது. போதாக்குறைக்கு நம் கடல் எல்லைக் கடல்.

அதனால் அவன் சொன்னதில் "யாரையும் கேக்க வேண்டாம்" என்ற பகுதியை மட்டும் மறந்துவிடுங்கள். நாலு பேரைக் கேட்டுவிட்டு, அப்புறம் தனியாகப் போகலாம்.

எந்தக் கடலில் இறங்குவது

நம் மாவட்டத்துக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மண்டபம், பாம்பன் பக்கத்தில் வடகடல், தென்கடல் என்பார்கள். தனுஷ்கோடிப் பக்கம் பெண்கடல், ஆண்கடல் என்று சொல்வதும் உண்டு. புதியவர்களுக்கு வடகடல்தான்.

தென்கடலை ஏன் விடச் சொல்கிறேன் என்றால், முதலில் அலை. தெற்கே இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் பெரிய அலை நேராக வந்து மோதும். இரண்டாவது தீவுகள். பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. கரையிலிருந்து பார்த்தால் "இதோ இருக்கிறது, அரை மணி நேரத்தில் போய்விடலாம்" என்று தோன்றும். போகக் கூடாது. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைத்தாலே வழக்கு. குருசடைத் தீவைப் பார்க்க ஆசையிருந்தால் வனத்துறை படகிலேயே போய்விட்டு வாருங்கள்.

பாம்பன் கால்வாயையும் விட்டுவிடுங்கள். பாலத்துக்கு அடியில் கயாக்கில் போவதுபோல் படம் எடுக்க எல்லோருக்கும் ஆசை. அங்கே பாறையும் நீரோட்டமும் சேர்ந்து, பழகிய வள்ளக்காரர்களையே நிதானிக்க வைக்கும். தனுஷ்கோடியும் அரிச்சல்முனையும் பார்க்க வேண்டிய இடங்கள், தங்க வேண்டிய இடங்கள் அல்ல. சாயங்காலமானால் போலீசார் எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

மிச்சம் இருப்பது வடகடல் கரை. அதிலும் தேவிபட்டினத்துக்கு வடக்கே தொண்டி வரை சேறும் அலையாத்திக் காடும் அதிகம், கயாக்கை இழுத்துக் கரையேற்றுவது சிரமம். வைகை கடலில் சேரும் ஆற்றங்கரையிலிருந்து கிழக்கே மணல் கரை. ஆற்றங்கரை, அரியமான், மண்டபம். இந்த வரிசையைத்தான் முதல் பயணத்துக்குச் சொல்வேன். ஒரு பக்கம் எப்போதும் கரை, கொஞ்ச தூரத்துக்கு ஒரு ஊர், தென்னந்தோப்பு நிழல், உச்சிப்புளியிலும் மண்டபத்திலும் ரயில். முடியவில்லை என்றால் எந்த இடத்திலும் கரையேறி நடந்து ஆட்டோ பிடிக்கலாம். இந்த ஒரு வசதிக்காகவே இந்தக் கரையைத் தேர்ந்தெடுக்கலாம்.

காற்று

மற்றதையெல்லாம் மேலோட்டமாகப் படித்தாலும் பரவாயில்லை, இதை நிதானமாகப் படியுங்கள்.

ஐப்பசி முதல் தை வரை வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து வரும். வடகடல் கரைக்கு அது நேர் எதிரே. ஆழம் குறைந்த கடல் என்பதால் அலை பெரிதாக எழாது, ஆனால் குட்டையாக, அடுத்தடுத்து, மூச்சுவிட நேரம் தராமல் வரும். கயாக்கின் மூக்கு ஒரு அலையிலிருந்து இறங்குவதற்குள் அடுத்தது மடியில் ஏறிவிடும். வாடைக் காலத்தில் யாரும் உங்களுக்குப் புத்தி சொல்ல வேண்டியதில்லை. கடலைப் பார்த்தாலே இறங்க மனசு வராது.

ஆபத்து வைகாசிக்குப் பிறகுதான். அப்போது தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். வடகடல் கரையில் நின்றால் காற்று உங்கள் முதுகுப் பக்கத்திலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கிப் போகும். கரையோரத்தில் அலையே இருக்காது. புதிதாக வருகிறவர் அதைப் பார்த்துவிட்டு "ஆகா, ஃபியோர்டு மாதிரியே இருக்கிறதே" என்று இறங்கிவிடுவார். உள்ளே போகப் போகக் காற்றின் பிடி இறுகும். திரும்பி வரும்போது அந்தக் காற்று முழுவதும் முகத்துக்கு எதிரே. துடுப்பு போடுவதை நிறுத்தினால் நடுக்கடலுக்கு, அதற்கும் அப்பால் எல்லைக்கோட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும்.

நான் ஒரு ஆனி மாதம் இப்படி இறங்கப் போனேன். வலை சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "கச்சான் விழுந்துருச்சு தம்பி. கரையில நிக்கிறவனுக்குக் கடல் தூங்குற மாதிரிதான் தெரியும். உள்ள போனவனைக் கேட்டாத்தான் தெரியும்." அன்றைக்குக் கயாக்கைத் திரும்ப வண்டியில் ஏற்றும்போது வெட்கமாக இருந்தது. இப்போது நினைத்தால் அவருக்கு ஒரு டீயாவது வாங்கிக் கொடுத்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

ஆக, வாடை ஓய்ந்து கச்சான் பிடிப்பதற்கு முன் உள்ள மாசியும் பங்குனியும்தான் காலம். அதிலும் நாள் முழுவதும் அல்ல. விடியலிலிருந்து ஒன்பதரை, பத்து மணி வரை கடல் உங்களுடையது. வெயில் ஏறி நிலம் சூடானதும் கடல்காற்று எழும்பும். அதற்குள் கரையில் இருக்க வேண்டும். சாயங்காலம் காற்று தணிந்ததும் மறுபடி இறங்கலாமே என்று தோன்றும். வேண்டாம். இருட்டில் உங்களை யாருக்கும் தெரியாது, வலைகளும் உங்களுக்குத் தெரியாது.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பிருந்தே வானிலை ஆய்வு மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும், ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் அலை, காற்று முன்னறிவிப்பையும் பாருங்கள். பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால், எந்த எண்ணாக இருந்தாலும் சரி, பயணம் ரத்து. கடைசி வார்த்தை செயலிக்கு அல்ல, அன்றைக்குக் காலையில் கரையில் நிற்கும் மீனவருக்கு. நாட்டுப்படகுகள் போகாத காலையில் நீங்களும் போகாதீர்கள்.

யாரிடமெல்லாம் சொல்வது

இந்தக் கரையில் விடியற்காலையில் முன்பின் தெரியாத ஒருவர் சின்னப் படகில் மூட்டையோடு வந்து இறங்கினால், பார்ப்பவர்கள் சுற்றுலாப் பயணி என்று நினைக்க மாட்டார்கள். கடல் அட்டைக் கடத்தல், கஞ்சா, எதிர்க்கரையிலிருந்து வரும் அகதிகள் என்று அவர்கள் பார்த்துப் பழகியவை வேறு. சந்தேகப்படுவதில் தப்பே இல்லை.

ஆகவே ஒரு வாரம் முன்பே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் காவல் நிலையத்துக்கு நேரில் போங்கள். பெயர், ஆதார் நகல், எத்தனை பேர், கயாக்கின் நிறம், எங்கே இறங்கி எங்கே ஏறுகிறீர்கள், எந்தத் தோப்பில் தங்குகிறீர்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அவர்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், வாதாடாதீர்கள். வனத்துறை அலுவலகத்திலும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். ஆமை முட்டையிடும் காலம் இதோடு சேர்ந்து வருவதால் எந்தக் கரையில் தங்கக் கூடாது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

அப்புறம் இறங்கும் ஊரிலும் தங்கும் ஊரிலும் ஊர்ப் பெரியவரையோ மீனவர் சங்கத்தில் ஒருவரையோ பார்த்துப் பேச வேண்டும். இது சம்பிரதாயம் அல்ல. கடலில் ஏதாவது ஆனால் முதலில் வரப்போவது அவர்களுடைய வத்தைதான், அதாவது சின்ன நாட்டுப்படகு.

சாட்டிலைட் போன், சாட்டிலைட் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி எதையும் கொண்டுவராதீர்கள். வெளிநாட்டுக் கயாக் வழிகாட்டிகளில் அதைத்தான் முதலில் எழுதியிருப்பார்கள். நம் நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது குற்றம், இந்தக் கரையில் கேட்கவே வேண்டாம். ட்ரோனும் அப்படித்தான், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளமே இருக்கிறது. செல்போன் சிக்னல் இந்த வழியில் பெரும்பாலும் கிடைக்கும். 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண், 1554 இந்தியக் கடலோரக் காவல்படையின் எண். இரண்டையும் போனில் பதிந்துவைத்ததோடு விடாமல் கயாக்கின் உள்பக்கத்திலும் அழியாத மையில் எழுதுங்கள்.

படகும் பழக்கமும்

முதல் பயணத்துக்கு மேலே உட்கார்ந்து ஓட்டும் கெட்டிப் பிளாஸ்டிக் கயாக்தான் நல்லது. கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு ஏறிக்கொள்ளலாம், தண்ணீர் இறைக்கத் தேவையில்லை. காற்றடைக்கும் கயாக்கைப் பையில் மடித்து ரயிலில் கொண்டுவரலாம், உண்மைதான். ஆனால் இது இராமநாதபுரம். சீமைக்கருவேல முள் கடற்கரை மணலுக்குள்ளும் கிடக்கும். என்னுடைய காற்று மெத்தை ஒரே இரவில் மூன்று ஓட்டை வாங்கியது. கடலில் வைத்து அந்த அனுபவம் வேண்டாம்.

துடுப்பே பிடித்ததில்லை என்றால் முதலில் காரங்காட்டுக்குப் போங்கள். தொண்டிப் பக்கம் அலையாத்திக் காட்டுக்குள் வனத்துறை ஊர்மக்களோடு சேர்ந்து கயாக் விடுகிறார்கள், காற்றே படாத கால்வாய். பிரப்பன்வலசைப் பக்கத்தில் கடலில் கயாக் கற்றுக்கொடுக்கும் இடங்களும் உண்டு. இரண்டு நாளாவது அங்கே செலவழித்து, வேண்டுமென்றே கவிழ்ந்து, உதவியில்லாமல் பத்து தடவை ஏறிப் பழகுங்கள். கவிழ்ந்தால் கயாக்கை விட்டுவிட்டு நீந்தக் கூடாது என்பது மூளைக்குத் தெரிந்தால் போதாது, கைக்குத் தெரிய வேண்டும். துடுப்பைக் கயிற்றால் கயாக்கோடு கட்டிவையுங்கள். லைஃப் ஜாக்கெட் மேலே இருக்க வேண்டும், இருக்கையின் பின்னால் அல்ல. அதில் ஒரு விசில்.

தனியாள் வேண்டாம். இரண்டு கயாக், மூன்று இருந்தால் இன்னும் நல்லது.

மூட்டை

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 லிட்டர். அங்கே மலையிலிருந்து விழும் ஓடையில் பாட்டிலைப் பிடித்துக்கொள்வார்களாம். இங்கே மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கும் ஊர்கள் உண்டு என்றாலும் அது அவர்கள் குடிக்கும் தண்ணீர், அதை நம்பிப் பயணம் போடக் கூடாது. ஒரே கேனில் வைக்காமல் இரண்டு லிட்டர் பாட்டில்களாகப் பிரித்து, கயாக்கின் நடுவில் அடியில் கட்டுங்கள்.

சாப்பாட்டுக்கு அதிகம் யோசிக்காதீர்கள். முதல் நாள் புளியோதரை, இரவுக்கு அவலும் கருப்பட்டியும், கைக்கு எட்டும் இடத்தில் கடலைமிட்டாய். சின்ன கேஸ் அடுப்பு இருந்தால் சுக்குக் காபி. பனை ஓலை காய்ந்து கிடக்கும் தோப்பில் விறகு மூட்டாதீர்கள்.

கை முழுக்க மறைக்கும் மெல்லிய சட்டை, கழுத்தை மறைக்கும் துண்டு, கட்டிக்கொள்ளும் தொப்பி. முகத்துக்கு மட்டும் சன்ஸ்கிரீன் தடவிக்கொண்டு போன நான் பாதத்தின் மேல்புறம் வெந்து இரண்டு நாள் செருப்புப் போட முடியாமல் கிடந்தேன். மூடிய ரப்பர் செருப்பு கட்டாயம், முள்ளுக்கும் திருக்கைக்கும். துணி, போன், ஆதார் அட்டை எல்லாம் நீர் புகாத பையில். பை வாங்க மனமில்லை என்றால் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா போதும்.

முதல் நாள்

முந்தின நாள் இரவே ஆற்றங்கரைக்கு வந்துவிடுங்கள். நேரம் கிடைத்தால் பக்கத்தில் அழகன்குளம். வைகை முகத்துவாரத்தில் இருந்த பழைய துறைமுகம், அகழாய்வில் ரோமானிய மண்பாண்டங்கள் கிடைத்த ஊர். அங்கிருந்துதான் ஒரு காலத்தில் கப்பல் போனது என்று தெரிந்துகொண்டு கயாக்கை இறக்கினால் கொஞ்சம் கெத்தாகத்தான் இருக்கும்.

வெளிச்சம் வந்ததும் இறங்குங்கள். கரைக்கு இணையாக, இடுப்பளவு, கழுத்தளவு நீரிலேயே போங்கள். புதியவர் மணிக்கு 3 கிலோமீட்டர் போவார். மூன்று மணி நேரத்தில் 9. அதற்கு மேல் திட்டம் போடாதீர்கள். நீர் வற்றியிருக்கும் நேரமாக இருந்தால் சில இடங்களில் இறங்கி இழுக்க வேண்டிவரும். அப்போது காலைத் தூக்கி வைக்காமல் மணலோடு தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப் போகும். மிதித்துவிட்டால்தான் முள்ளால் அடிக்கும். அடித்துவிட்டால் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் காலை வைத்திருந்து, பிறகு ஆஸ்பத்திரி. சொறி (ஜெல்லி மீன்) பட்டால் கடல் நீரால் கழுவுங்கள், தேய்க்காதீர்கள்.

வலைகளைக் கவனியுங்கள். தெர்மாகோல் துண்டோ பாட்டிலோ கொடியோ வரிசையாக மிதந்தால் அடியில் நண்டு வலை. சுற்றிப் போங்கள். மண்டபத்தை நெருங்க நெருங்க மூங்கில் மிதவைகளில் பாசி வளர்ப்பதைப் பார்ப்பீர்கள். அது தோட்டம், நடுவில் புகுந்து போகக் கூடாது. பெரும்பாலும் பெண்கள்தான் கழுத்தளவு நீரில் நின்று வேலை பார்ப்பார்கள். படம் எடுப்பதற்கு முன் "அக்கா, எடுக்கலாமா?" என்று கேளுங்கள்.

நீர் தெளிவாக இருந்தால் அடியில் கடல் புல் தெரியும். ஆவுளியா என்ற கடல் பசு மேயும் புல் அது. நான் இதுவரை ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. சங்கு, பவளம், கடல் குதிரை, கடல் அட்டை எதையும், செத்துக் கிடந்தாலும், எடுக்காதீர்கள். கடல் அட்டை வைத்திருந்தால் 2001 முதல் ஜெயில்தான்.

இரவு

தங்க வேண்டியது கடற்கரையில் அல்ல, கடற்கரையை ஒட்டிய தனியார் தென்னந்தோப்பில், சொந்தக்காரரிடம் முன்பே கேட்டுவைத்து. தேங்காய் விழாத இடமாகப் பாருங்கள், சிரிக்காதீர்கள், அண்ணாந்து பார்த்துத்தான் கூடாரம் போட வேண்டும். மட்டை காய்ந்து தொங்கும் மரத்தடியும் வேண்டாம். கூடாரத்துக்கு அடியில் விரிக்கும் முன் தரையைத் துடைப்பத்தால் பெருக்குங்கள், முள் கதைதான் சொன்னேனே. இரும்பு முளை மணலில் நிற்காது. பழைய அரிசிச் சாக்கைக் கிழித்து, மணல் நிரப்பி, கயிற்றோடு முழங்கை ஆழத்தில் புதைத்தால் ஆடாது.

கரையிலேயே தங்கும்படி ஊரார் இடம் காட்டினால், பாசி ஒதுங்கிக் கிடக்கும் கோட்டுக்கு மேலே, வள்ளம் ஏற்றும் இடத்துக்கும் கரைவலை இழுக்கும் இடத்துக்கும் தள்ளி. என் இரண்டாவது பயணத்தில் சுத்தமான, அகலமான, முள்ளே இல்லாத ஒரு இடம் கிடைத்ததே என்று மகிழ்ந்து படுத்தேன். அதிகாலை மூன்றரைக்கு டார்ச் வெளிச்சம். "தம்பி, எந்திரிங்க. வலை வளைக்கணும்." ஏன் அந்த இடம் அவ்வளவு சுத்தமாக இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது. கூடாரத்தை அப்படியே தூக்கி ஓரமாக வைத்து உதவியவர்களும் அவர்கள்தான். பிறகு நானும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன், கையில் கொப்புளம்தான் மிச்சம்.

விளக்கைக் குறைத்து வையுங்கள். முட்டையிட வரும் ஆமையும், பொரித்துக் கடலுக்குப் போகும் குஞ்சும் வெளிச்சத்தில் திசை மாறும். நாய்கள் வரும். சாப்பாட்டு மூட்டையைக் கயாக்கின் உள்ளறையில் பூட்டுங்கள், கூடாரத்துக்குள் வைத்தால் கூடாரத்தைக் கிழிக்கும். கழிப்பறைக்கு அருகில் உள்ள வீட்டில் கேட்பதே மரியாதை. குப்பையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.

மறுநாள்

எழுந்ததும் தென்னை ஓலையைப் பாருங்கள். ஓலை நுனி அசையாமல் இருந்தால் மண்டபம் நோக்கிக் கிளம்பலாம். இப்போதே சலசலத்தால் வந்த வழியில் கொஞ்சம் போய் ஏறுவதா, அங்கேயே முடித்துக்கொள்வதா என்று முடிவெடுங்கள். பாதியில் முடித்ததற்காக யாரும் உங்களைக் கேலி செய்யப் போவதில்லை. மண்டபம் வந்தாலும் ஊருக்கு மேற்கேயே ஏறிவிடுங்கள். கிழக்கே போனால் விசைப்படகுகள் நிற்கும் இடம், அதைத் தாண்டினால் கால்வாய் இழுக்க ஆரம்பிக்கும்.

கரையேறியதும் முதல் போன் காவல் நிலையத்துக்கு, இரண்டாவது தோப்புக்காரருக்கு, மூன்றாவது வீட்டுக்கு. வந்துவிட்டோம் என்று சொல்ல மறந்தால் அவர்கள் தேட ஆரம்பிப்பார்கள், அடுத்த தடவை அனுமதியும் கிடைக்காது. கயாக், கொக்கி, பையின் ஜிப் எல்லாவற்றையும் அன்றைக்கே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட என் கூடாரத்தின் ஜிப் இன்றுவரை பாதிதான் மூடுகிறது.